மூன்று பழங்களுக்கு அனுமதி

எட்டாண்டுப் போர் ஓய்ந்ததும்
வேளாண் அலுவலகத்தில் எனக்கொரு பேரேடு தந்தார்கள்.
முதல் பத்தி: நிற்கும் மரம்.
இரண்டாம் பத்தி: நில்லாத மரம்.
பஸ்ராவுக்குத் தெற்கே அபுல் கசீப் முழுக்க
நடந்து எண்ணி வா என்றார்கள்.

எளிய வேலைதான்.
ஈச்சைக்கு ஒரே குருத்து;
தலை போனால் போனதுதான்.
கீழே நிற்கும் மாதுளையைப் போல
வெட்டிய இடத்தில் துளிர்த்துக் கணக்கைக் குழப்பாது.
பீரங்கி கொய்த கழுத்துகள்
வாய்க்கால் நெடுக நின்றன.
நடையைக்கூட நிறுத்தாமல் எண்ணினேன்.

பாபிலோனை ஆண்ட ஒருவன்
கருங்கல்லில் வெட்டிவைத்த சட்டம்
பள்ளியில் மனப்பாடம்:
அடுத்தவன் தோப்பில் மரம் வெட்டினால்
அரை மீனா வெள்ளி தண்டம்.
மதிய வெயிலில் பெருக்கிப் பார்த்தேன்.
பின்னட்டை போதவில்லை.
கட்டவேண்டியவர் என்ற இடத்தில்
இரண்டு தலைநகரங்களின் பெயர் வந்தது.
எச்சில் தொட்டு அழித்தேன்.

உம்மு நிப்ராஸ் மரத்தின்மேல் இருந்தாள்.
இடுப்பைச் சுற்றிக் கயிற்று வளையம்,
பல்லில் கடித்த ஆண்பாளை.
"காற்றை நம்பினால்
கொட்டையில்லாச் சூம்பல்தான் தொங்கும்"
என்றாள், பாளையை வாயிலிருந்து எடுத்து.
அவள் தோப்பின் ஆண்மரம் எரிந்துவிட்டது.
இது கர்பலாவிலிருந்து பேருந்தில் வந்தது,
தங்கை கணவனின் மடியில், செய்தித்தாளில் பொதிந்து.
தாள் நிறைய வெற்றிச் செய்தி.
மகரந்தம் படிந்து
ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

இறங்கி வந்து தேநீர் வைத்தாள்.
தட்டில் போன பருவத்து ஹல்லாவி.
கிம்ரி, கலால், ருதப், தமர் என
ஒரு பழத்துக்கே நான்கு வயதுக்கு நான்கு பெயர் வைத்தவர்கள் நாங்கள்.
இந்தியாவிலிருந்து புளி வந்திறங்கியபோதும்
'இந்தியப் பேரீச்சை' என்றோம்.
வேறு எதோடு ஒப்பிடத் தெரியும் எங்களுக்கு?

"எனக்குச் சர்க்கரை" என்றேன்.
"நார்ச்சத்து நல்லது, பொட்டாசியம் நல்லது,
ஆனாலும் நாளுக்கு மூன்றுதான்
என்று டாக்டர் சிஹாம் சொல்லியிருக்கிறார்."

"ஒன்பதாம் மாதம் முழுக்க
நாளுக்கு ஏழு தின்றேன் நான்.
மர்யமும் ஈச்சையைப் பிடித்துக்கொண்டுதானே வலி பொறுத்தாள்.
நிப்ராஸின் அண்ணத்தில் முதலில் பட்டது
என் பால் இல்லை,
மென்று மசித்த பழம்.
அதோ, அந்த மரத்தது.
நில்லாதது என்று எழுதினாயே, அது."

தலையில்லாத தண்டு.
அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு
ஒரு பக்கக்கன்று.
அதை நான் பார்த்திருக்கவில்லை.

"ஃபாவ் முனைக்குப் போனவன்.
உடலும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.
அவனை எந்தப் பத்தியில் எழுதுவாய்?"

புல்புல் ஒன்று தட்டருகே வந்து
என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
பிறகு அந்த மரத்தை
இரு பத்திகளுக்கும் நடுவே ஓடிய
சிவப்புக் கோட்டின்மேலேயே எழுதினேன்.
மேலதிகாரி கேட்டால்
கை தவறியது என்பேன்.

தின்ற பழங்களின் கொட்டையைச்
சட்டைப் பைக்குள் போடுவது என் வழக்கம்.
இரவில் ரபாப் அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
விளக்கை அணைப்பாள்.
அன்று நான்கு இருந்தது.
"பதினாறு ஆண்டாய்க் கணக்கெழுதுகிறவர்!" என்றாள்.

அந்த நான்காவதை எப்போது தின்றேன்,
அவள் எப்போது என் கையில் வைத்தாள்,
இன்னும் எனக்குத் தெரியவில்லை.