முன் அனுபவம்

படிவம் ஒன்பது பக்கம்.
இரத்த வகை, சப்பாத்து அளவு, ஒவ்வாமை,
ஹெலிகொப்டர் காப்புறுதி இலக்கம்.
குசினி மேசையில் இருந்து நிரப்புகிறேன்.
பக்கத்தில் பருப்பு அவிகிறது.

மலைக்குப் பெயர் இல்லை.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினான்கு, அவ்வளவுதான்.
நேபாளத்தின் மேற்கு மூலையில்
வரைபடக்காரன் களைத்துப்போன இடத்தில் ஓர் எண்.
இதுவரை இரண்டு குழுக்கள் ஏறியிருக்கின்றன.
ஒரு குழுவின் படங்கள் முழுக்க முகில்.
"அதனால்தான் போகிறோம்" என்றான் ஊர்ஸ்.

தூன் நகரில் எல்லார் யன்னலிலும் ஒரு மலை உண்டு.
எங்கள் யன்னலில் நீசன்.
தமிழில் அது ஏச்சு,
இங்கே பள்ளிப்பிள்ளை கீறியது போல நேரான முக்கோணம்.
வைகாசி தொடக்கம் சனிதோறும் ஏறுகிறேன்,
முதுகுப் பையில் இருபது கிலோ சிவப்பரிசி.
மற்றவர்கள் தண்ணீர் சுமந்துபோய்
உச்சியில் ஊற்றிவிட்டு இறங்குவார்கள்,
முழங்காலுக்கு நல்லதாம்.
அரிசியை ஊற்ற மனம் வருமா?
கிழமையில் நாலு நாள்
செல்வநேசன் அதில்தான் உலை வைக்கிறார்.
போன சனி நிறுத்துப் பார்த்தேன், பதினொன்று.
"நீர் ஏற ஏறப் பாரம் குறையுது பாரும்."

மிதுஷாவுக்கு வேறு கவலை.
ஆஸ்பத்திரியில் கத்தியும் இடுக்கியும் கழுவி
ஆறு வருஷம் சேர்த்த பதினாலாயிரம் பிராங்கில்
மனிசர் கார் வாங்குவினம் அம்மா.
இல்லாட்டிக் கனடா போய்ச் சித்தியைப் பாப்பினம்.

ஐந்தாம் பக்கம்.
முன் அனுபவம்:
வழிகாட்டியுடன் சென்ற பனிப்பயணங்கள்.
ஆண்டு, மலை, பாதை, குழு.

மோன்ஷ், என்று எழுதினேன்.
பால்ம்ஹோர்ன், இரண்டு தரம்.
வில்ட்ஸ்ட்ரூபல், காற்றினால் பாதியில்.

நாலாவது வரியில் 1997 என்று எழுதிப்
பேனை நின்றது.

தை மாதம். இரவு.
பாதை, இத்தாலிப் பக்கமிருந்து.
உயரம் தெரியாது.
பிறகு எத்தனையோ தரம் வரைபடத்தை விரித்து
சமவுயரக் கோடுகளில் விரல் வைத்துத் தேடினேன்,
இதுவாக இருக்கலாம், இதுவும்.
குழு, ஒன்பது பேரும் ஒரு கைக்குழந்தையும்.
கயிறு இல்லை.
கன்வஸ் சப்பாத்து அளவு நாற்பது,
எனக்கு முப்பத்தெட்டு.
முன்னால் போனவன் பெயர் சொல்லவில்லை.
அவன் சிகரெட்டின் நுனி மட்டும் தெரிந்தது,
அது நின்றால் நின்றோம்.
புங்குடுதீவுப் பொடியன் ஒருவன்
தன் காலுறையைக் கழற்றி என் கைகளுக்கு மாட்டினான்.
பெயர் கேட்டேன். அவன் சொன்னதைக் காற்று அள்ளிப்போனது.

இடது காலில் இரண்டு விரலுக்கு
இன்னும் சூடுமில்லை சுரணையுமில்லை.

அதற்கும் காசு கட்டித்தான் போனோம்.
பெரியப்பாவின் மினிவான் அப்படித்தான் கைமாறியது.

வெள்ளிக்கிழமை நேர்முகம்.
நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கு மேலே.
பெர்னிலிருந்து வந்த பல்வைத்தியர் ஹெலேனே எனக்கு முன்.
அவர் வெளியே போனதும்
ஊர்ஸ் கோப்பியைத் தள்ளி வைத்துக் கேட்டான்,
"உச்சிக்கு நூறு மீட்டர்தான் இருக்கும்.
வானம் சரியில்லை, திரும்பு என்பேன்.
திரும்புவாயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்குக் குழந்தை அழத் தொடங்கியபோது
அதன் தாய் கேட்டாள், திரும்பலாமா என்று.
சிகரெட் நுனி ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தது.
பிறகு மேலே போயிற்று.

"திரும்புவேன்" என்றேன்.
"அதுக்கும் சேர்த்துத்தானே பதினாலாயிரம்."

விளங்காமல் தலையாட்டினான்.
ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினான்.
"நாலாவது வரியில் ஆண்டு மட்டும்தான் இருக்கிறது.
மலையின் பெயர்?"

"அதுக்கும் பெயரில்லை."

"மேலே போய்ச் சேர்ந்தீர்களா?"

"இறங்கினோம்" என்றேன்.
"பத்துப் பேரும்."