கடைமடை அலைவரிசை

கல் கிடையாது எங்கள் ஊரில்.
தோண்டினால் வண்டல், அதற்கும் கீழே வண்டல்.
அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும்
மேற்கேயிருந்து லாரி வரவேண்டும்.
இங்கேதான் பூவராகன் கேட்டான்
ராக் இசைக்கு ஒரு வானொலி.

உரிம நேர்காணலில்
"ராக் என்றால் பாறைதானே?" என்றார் அதிகாரி.
"ஆமாம் சார்" என்றான்.
பாதி நேரம் விவசாயச் செய்தி,
சமூகத்துக்குப் பயன், இன்னபிற என்று
நிபந்தனைகள் பதினேழு.
பதினெட்டாவதாக என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்:
தையல்நாயகி, பி.காம்.,
உரக்கடையில் பில் போட்டவள்,
'ழ' சுத்தமாக வரும்.

திருத்துறைப்பூண்டி ரயிலடிக்குப் பின்னால்
மூடிக்கிடந்த அரிசி ஆலையின் மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை,
நூருல் அமீன் பரோட்டாக் கடை உபயம்.
முதல் ஆறு மாதம்
மைக் முன்னால் உட்கார்ந்தாலே பசித்தது.
ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர்.
ஐம்பது வாட் என்பது
மாட்டுக்கொட்டகையில் எரியும் ஒரு குண்டு பல்பு.

பெயர் வைக்க மூன்று நாள் சண்டை.
இடி என்றார்கள், எரிமலை என்றார்கள்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
நமக்கு வர இருபது நாள்,
கடல் கடந்த அந்தக் கிடாருக்கு நாற்பது வருஷம்,
கடைமடை என்று வைத்துத் தொலையுங்கள் என்றேன்.
எரிச்சலில்தான் சொன்னேன்.

காலை ஆறு பத்துக்கு
அணை நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம்,
நெல்லில் புகையான், உளுந்தில் மஞ்சள் தேமல்.
ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை
டிரம்ஸ், பேஸ், கத்தல்.
இரண்டும் கலக்கக் கூடாது என்பது ஏற்பாடு.
ஓர் ஆனி மாதக் காலையில்
தூக்கக் கலக்கத்தில் பூவராகன்
ராத்திரிக் கிடாரை இறக்க மறந்துவிட்டான்.
அறுபத்து மூன்று புள்ளி இரண்டு அடி என்று நான் வாசிக்க
அடியில் அது உறுமிக்கொண்டே வந்தது.
போன் அடித்தது. திட்டத்தான் என்று எடுத்தேன்.
"இப்பத்தாம்மா
நம்ம தண்ணி நெலம சரியான ராகத்துல கேக்குது."
அன்றிலிருந்து அப்படித்தான்.

கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள் என்று நினைத்தோம்.
கேட்டது தில்லைவிளாகத்து இறால் குட்டைக் காவல்காரர்கள்.
கண் அயர்ந்தால் ஏரியேட்டர் நின்றது தெரியாது,
விடிந்தால் முதலாளியின் லட்சங்கள் மிதக்கும்.
அப்புறம், தையில் அறுவடை மிஷினோடு வருகிற
ஆத்தூர் டிரைவர்கள்.
மெலடி போட்டால்
கடன்காரனைப்போல் போன் செய்வார்கள்.

நாதஸ்வரம் கலந்தால் மானியம் உண்டு என்று
தஞ்சாவூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
கலக்கவில்லை.
அந்த வருஷம் சம்பளமும் இல்லை.

கஜா அடித்த இரவு
ஜெனரேட்டரில் ஓடினோம்.
ஒரு மணிக்கு ஒரு பெண், பெயர் சொல்லவில்லை,
ஓடு பறக்கிற வீட்டிலிருந்து.
"எச்சரிக்கை போதுங்க.
புள்ளைங்க பயப்படுது. காத்துச் சத்தம் கேக்காத மாதிரி
ஏதாச்சும் போடுங்க."
இருப்பதிலேயே முரட்டுப் பாட்டைப் போட்டோம்.
பாதியில் டவர் முறிந்து
ஆலையின் நெற்களத்தில் விழுந்தது.
எதுவரை கேட்டாள் என்று
இன்றுவரை தெரியாது.

கடன் வாங்கி நிமிர்த்தியபோது எண்பதடி.
முன்பைவிட இருபது குறைவு.
மாசியில் ஒருவர் மொபெட்டில் வந்தார்,
சேறு காயாத காலோடு. அஞ்சப்பன்.
குட்டையில் எடுக்கவில்லை என்றார்.
இரண்டு ராத்திரி தூங்கிவிட்டாராம்,
மூன்றாவது தூங்கினால் வேலை போய்விடும்.
கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்
ஏரியேட்டரில் கழற்றிய பழைய இரும்புக் குழாய்,
மொபெட்டைப்போல் இரண்டு பங்கு நீளம்.
ஏறிப் பற்றவைத்தது நூருல் அமீனின் மச்சான்.
அன்று பத்தரைக்குக் குட்டைப் பக்கமிருந்து
மூன்று மிஸ்டு கால்.

பதிவேட்டில் இன்னும் எண்பதடிதான்.
ஆய்வுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பவர்களிடம்
டீ சாப்பிடுகிறீர்களா சார் என்று,
'ழ' வராத வாக்கியம்தான்,
சுத்தமாகச் சொல்வேன்.