டோக்கன் பதினேழு

போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்ட கேட்டில்
அந்தப் பலகையை மாட்டியவன் நான்தான்.
துப்பாக்கிக்கு அனுமதி இல்லை,
தமிழிலும் மலையாளத்திலும்.

சடையாண்டி லைசென்ஸைக் காட்டினார்.
"ராக்காவலுக்குக் கூப்பிட்டீங்க. பன்னிக் காடுய்யா."
முதலாளி சொல்லச் சொன்னதைச் சொன்னேன்:
உள்ளே வந்துட்டா எங்க பொறுப்பு.
வாங்கி வைத்துக்கொண்டு
பித்தளை டோக்கன் கொடுத்தேன்.

தொடையில் தேற்றை இறங்கியபோது
கையில் டார்ச் மட்டும்.

நெடுங்கண்டம் கோர்ட்டில் வக்கீல் கேட்கிறார்,
பொறுப்பு என்று எங்கே எழுதியிருக்கிறது?
எழுதவில்லை.
சொன்ன வாய் இதோ நிற்கிறது, கூண்டுக்குள்.
முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார்.
இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.

துப்பாக்கி என் அறையில்தான் இருக்கிறது,
ஞாயிறுதோறும் எண்ணெய் போடுகிறேன்.
அவர் மகள் வந்தால்
எதை வாங்கிக்கொண்டு கொடுப்பேன்?
பதினேழு
அவர் இடுப்பு முடிச்சோடு போய்விட்டது.

"சொன்னேன்" என்கிறேன்.
சத்தமாகச் சொல்லச் சொல்கிறார் ஜட்ஜ்.