எதற்கும் இருக்கட்டும்

மயூர் விஹாரில் நாற்பத்தொன்று டிகிரி.
கட்டில் பெட்டியைத் திறந்தால்
அந்துருண்டை வாசத்தோடு எழுந்து உட்காருகிறது
போன ஜனவரி.

ப்ராகில் காலை நாலு, மதியம் பத்தொன்பது.
வியாழன் மழை.
சனிக்கிழமைக்கு ஃபோன் ஒரு மேகம் போட்டு
பக்கத்திலேயே சூரியனையும் போட்டிருக்கிறது,
எதற்கும் இருக்கட்டும் என்று.

நானும் அப்படித்தான்.
எதற்கும் இருக்கட்டுமென்று தெர்மல்,
எதற்கும் இருக்கட்டுமென்று பருத்திக் குர்தா,
குடை,
அது காற்றில் மடங்கிக்கொண்டால் இன்னொரு குடை.
தயாநிதிக்கு ஒரே ஒரு ஜெர்கின் போதுமாம்.
'வசந்தம்தானே' என்கிறார்,
டில்லி வசந்தம் பதினோரு நாளில் முடிவதை
இருபது வருஷமாகப் பார்த்தவர்.

ஜிப் ஏறுகிறதா என்று கோட்டை மாட்டிப் பார்த்தேன்.
வயிற்றருகே கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறியது.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
கதவைத் தட்டினார் இஸ்திரிக்காரர் பன்வாரி.
தோளில் மூட்டை, கழுத்தில் ஈரத் துண்டு.
கழுத்துவரை பூட்டிய கம்பளிக்குள் நிற்கும் என்னை
ஒருமுறை பார்த்தார்.
பிறகு துணிகளை எண்ணினார்: ஏழு, எட்டு, ஒன்பது.
வேறொன்றும் கேட்கவில்லை.

சில்லறைக்காகக் கை தானாகவே கோட்டுப் பைக்குள் போனது.
வேர்க்கடலைத் தோல்கள்.
ஐ.டி.ஓ. நிறுத்தத்தில்
பனிமூட்டத்தில் நம்பர் தெரியாமல்
மூன்று பஸ்களை விட்ட இரவு.
ஒரு முழுக் கடலையும் கிடந்தது.
அவர் படியிறங்கியதும் உடைத்துத் தின்றேன்.
நமுத்திருந்தது.

பெட்டி இருபத்து மூன்றுக்கு மேல் ஒன்றரைக் கிலோ.
ஒரு குடையை வெளியே வைத்தேன்.
மறுபடி உள்ளே வைத்தேன்.
கோட்டை மட்டும் பால்கனிக் கொடியில் போட்டிருக்கிறேன்,
குளிருக்குப் போகுமுன்
வியர்வை காயட்டும் என்று.