வழியில் கசிந்தது

லொபிட்டோ துறைமுகத்தில் ஏற்றியபோது
எண்ணெய் நானூறு தகரம்.
பியே மேட்டுநிலத்தில், என் கிடங்கு வாசலில்
இறக்கியபோது இருநூற்றுப் பதினொன்று.
நடுவில் போனதற்கும் பேரேட்டில் இடம் உண்டு.
ஐந்தாவது கட்டம். அதில் நான் எழுதுவேன்:
வழியில் கசிந்தது.

உப்பும் கசிந்திருக்கிறது, கம்பளியும்.
ஒருமுறை,
ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன் மாதத்தில்
முப்பது மண்வெட்டி.

போர் முடிந்து பதினான்கு மாதம்.
பாலம் இன்னும் ஆற்றுக்குள்ளேயே கிடக்கிறது.
சோளக்கொல்லையின் விளிம்பெல்லாம்
சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்;
அதற்கப்பால் கால் வைப்பவன் திரும்புவதில்லை.
வானம் பார்த்த பூமியாய் இருந்தது இது.
இப்போது லாரி பார்த்த பூமி.

கைநாட்டெல்லாம் முதல் நாளே வாங்கிவிட்டோம்,
பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து.
நேரம் மிச்சம் என்றார் நிர்வாகி சிபெம்பே.
வரிசையில் நின்றவர்கள் மறுக்கவில்லை.
அன்றைக்கு ஆளுக்கொரு சோப்பு கொடுத்தோம்,
மை கழுவ.

வியாழக்கிழமை ஒருத்தி வந்தாள்.
இரட்டையருக்குப் பின் பிறந்தவளுக்கு
இங்கே வைக்கிற பெயர் அவளுக்கும்:
கசிந்தா.
தலையிலிருந்து ஒரு தகரத்தை இறக்கி
என் மேசைமேல் வைத்தாள்.
சந்தையில் வாங்கினாளாம்,
செத்துப்போன கணவனின் மழைக்கோட்டை விற்று.
சிபெம்பேயின் மருமகன் கடை என்பதை
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
அடியில் இருந்த எண்ணைத் தடவிக் காட்டினாள்.
என் கையெழுத்தில் இருந்த அதே எண்.

ஏப்ரலில் நான் எண்ணெய் வாங்கியதாகச்
சொல்கிறதாமே உன் நோட்டு?
ஆமாம் என்றேன்.
மே மாதமும்?
ஆமாம்.
வரப்போகிற டிசம்பரிலும்?
பேனாவுக்கு மூடி தேடுவதுபோல்
மேசைக்கடியில் குனிந்தேன்.

அழவில்லை அவள். கத்தியிருந்தால்
காவல்காரனைக் கூப்பிட்டிருப்பேன்.
எண்ணெய் வேண்டாம், என்றாள்.
இதுதான் இருக்கிறதே, காசு கொடுத்தது.
அந்த விரலைத் திருப்பிக் கொடு.

எனக்குப் புரியவில்லை, அல்லது
புரியாத மாதிரி இருந்தேன்.
பெருவிரலை மேசைமேல் வைத்தாள்.
நகத்தோரம் வெடித்து, மண் அப்பியிருந்தது.
எட்டு மாதம் இன்னும் மிச்சம்.
அதையாவது நோட்டிலிருந்து எடுத்துவிடு.
நான் சாப்பிடாத அன்று
சாப்பிடவில்லை என்றே இருக்கட்டும்.

அடுத்த வாரம் ஜெனீவாவிலிருந்து ஒருவர் வந்தார்.
நல்ல மனிதர், வயிற்றுப்போக்கோடு வந்திருந்தார்.
பேரேட்டை வெயிலில் விரித்துப் பார்த்தார்.
பக்கத்துக்கு இருபது விரல், ஒன்றுகூடக் கலையாமல்.
இவ்வளவு சுத்தமான கணக்கை
இந்தக் கண்டத்தில் பார்த்ததில்லை என்றார்.
ஐந்தாவது கட்டத்தில் மட்டும் சற்று நின்று
சாலை மோசமோ என்றார்.
மோசம்தான், ஐயா.

நாற்பத்தேழாம் பக்கம் கிழிந்திருப்பதை
அவர் கவனிக்கவில்லை.
நான் கிழித்தேன் என்று சொல்ல ஆசை.
எலி.

கசிந்தாவின் பக்கம் அறுபத்திரண்டு.
அப்படியே இருக்கிறது.
இரவில் ஃபூஞ்சி கிண்டும்போது என் மனைவி
கட்டிலுக்கடியிலிருந்து தகரத்தை இழுக்கிறாள்.
இரண்டில் ஒன்று தீர்ந்துவிட்டது.
தட்டில் மஞ்சளாய் ஒரு வட்டம்.
பெருவிரலால் வழித்துத் தின்னும் பழக்கம் எனக்கு.

இப்போதெல்லாம் கரண்டி கேட்கிறேன்.