இரண்டு பக்கமும் எக்ஸ்

வெள்ளவத்தை அறைக்குத் தரகர் காசு பத்து,
மாசம் இருபத்தைந்து.
கொட்டாஞ்சேனையில் மிஸிஸ் பர்ணபாஸின் மேல்மாடிக்குத்
தரகர் காசு முப்பது, மாசம் இருபது.
எல்லாம் ஆயிரத்தில்.

காலி வீதி பஸ்ஸில் டிக்கெட்டின் முதுகில் எழுதினேன்:
பத்தோடு இருபத்தைந்து எக்ஸ்
சமன்
முப்பதோடு இருபது எக்ஸ்.

எக்ஸ் என்றால்
விசா வரும்வரை போகும் மாசங்கள்.
கடல் தெரிகிற பக்கமும் அதுதான்,
தேவாலய மணி கேட்கிற பக்கமும் அதுதான்.
எங்கே குடிபோனாலும் கூடவே வரும்.

இந்தப் பக்கம் இருபது எக்ஸ் கழித்தேன்,
அந்தப் பக்கமும்.
காத்திருப்பில் அவ்வளவும் குறைந்ததுபோல
கொஞ்சம் மூச்சு வந்தது.
பிறகு பத்தையும் எடுத்தேன்.
ஐந்து எக்ஸ், இருபது.
நாலு.

நாலாம் மாசம் இரண்டும் ஒரே காசு.
அதற்குள் என்றால் வெள்ளவத்தை,
தாண்டினால் கொட்டாஞ்சேனை.
அதற்குமேல் கணக்குக்கு ஒன்றும் தெரியாது.

பம்பலப்பிட்டியில் இறங்கி
கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தேன்.
"எத்தனை மாசம் பிள்ளை?" என்று கேட்டா மிஸிஸ் பர்ணபாஸ்.

டிக்கெட் கைக்குள் நனைந்திருந்தது.
"ஜன்னல் எத்தனை அடி?" என்றேன்.
"சீலை வாங்கித் திரை நானே தைப்பன்."