சுத்தமான இடிபாடு

தொட்டியை இறக்கிவிட்டு இரெனேயுஷ்
கையுறையைக் கழற்றாமலே விதியைச் சொன்னார்:
செங்கல் போடலாம், காரை போடலாம், ஓடு போடலாம்.
மரம் கூடாது, பஞ்சு கூடாது,
பெயின்ட் டப்பா கூடவே கூடாது.
சுத்தமான இடிபாட்டுக்கு ஒரு விலை.
கலந்துவிட்டால் இரண்டு பங்கு.

சுத்தமான இடிபாடு.
பிறந்ததிலிருந்து இந்த மொழியைத்தான் பேசுகிறேன்,
இந்த இரண்டு சொற்களும் கைகோத்து நின்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

போக்தானும் நானும் இடித்தது ஒரே ஒரு சுவர்.
சமையலறைக்கும் சின்ன அறைக்கும் நடுவில்
ஒரு சாண்கூட இல்லாத கனம்.
அந்தப் பக்கம் நிற்பவர் இந்தப் பக்கம் தெரியமாட்டார்,
அதைத் தவிர வேறு வேலை செய்யாத சுவர்.
நீளம், உயரம், கனம் என்று பெருக்கிப் பார்த்தேன்.
இரண்டு கன மீட்டர்கூட வரவில்லை.
சின்னத் தொட்டியே போதும் என்று நான்தான் சொன்னேன்.

நிற்கிற சுவருக்கு ஒரு அளவு,
விழுந்த சுவருக்கு வேறு அளவு.
துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில்
காற்று வந்து குந்திக்கொள்கிறது.
அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.

நான்கு மாடி, லிஃப்ட் கிடையாது.
வாளியில் பாதிதான் நிரப்பலாம்,
மீறினால் பிடி கழன்று காலில் விழும்.
படிகளில் ஈரத்துணி விரித்தோம்.
அப்படியும் மூடிய சர்க்கரை டப்பாவுக்குள்
வெள்ளைத் தூசி.
மூன்று நாள் தேநீரில் சுண்ணாம்பு மணத்தது.

அரிசியில் கல் பொறுக்குவார்கள்.
நான் நடைபாதையில் முட்டிபோட்டு
கல்லில் ஆணி பொறுக்கினேன்,
காரையிலிருந்து பூப்போட்ட காகிதத்தை
நகத்தால் உரித்தேன்.
யெஜித்சே தெருவில் நாயோடு போனவர்கள்
எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் நாள் மாலை
தொட்டிக்கு மேலே ஒரு கூம்பு எழுந்து நின்றது.
விளிம்புக்கு மேல் ஒரு கல் இருந்தாலும்
இரெனேயுஷ் தூக்கமாட்டார்.
அன்று இரவு முழுக்க நவம்பர் மழை.

விடிந்து பார்த்தால் கூம்பைக் காணோம்.
முழுச் செங்கல்கள் மட்டும் போயிருந்தன,
உடைந்தவை அப்படியே.
மூன்றாம் மாடி ஸ்ஜிஸ்வாவின் கார்
பின்பக்கம் தாழ்ந்து,
ஊருக்கு வெளியே உள்ள அவருடைய தோட்டத்துக்கு
மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.
திருட்டு என்று சொல்ல வாய் வரவில்லை.
நன்றி என்று கத்துவதற்குள் முனை திரும்பிவிட்டார்.

காலியான இடத்தில் ஒரு மெத்தை.
ஒற்றை ஆள் மெத்தை.
இடது ஓரத்தில் மட்டும் பள்ளம்,
பள்ளத்தில் மழைத் தண்ணீர்.

யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.
இரண்டாம் மாடியில் ஹால்ஷ்கா வீட்டு
ஆக்ஸிஜன் இயந்திரத்தின் உறுமல்
போன வாரம்தான் நின்றது.
அவள் அம்மாவுக்கு மலர்வளையம் வாங்க
நாங்களும் இருபது ஸ்வோட்டி போட்டோம்.

இரண்டு பங்கு விலை, என்றான் போக்தான்.
தெரியும், என்றேன்.
ஆளுக்கொரு முனை பிடித்து மேலே ஏற்றினோம்.
குடித்த தண்ணீரையெல்லாம் படிப்படியாக விட்டுக்கொண்டு வந்தது.
இரண்டாம் மாடியில் அவள் கதவின்
கண் துவாரத்தில் வெளிச்சம் மறைந்தது.
கதவு திறக்கவில்லை.
நாங்களும் அந்த ஒரு தளத்தில் மட்டும்
மூச்சு வாங்குவதை நிறுத்திக்கொண்டோம்.

பத்து மணிக்கு வந்தார் இரெனேயுஷ்.
இரும்புக் கம்பியால் நாலு இடத்தில் குத்திப் பார்த்தார்.
சுத்தம், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு
ரசீதைக் கிழித்துத் தந்தார்.
சங்கிலி இழுபட்டது. எங்கள் சுவர்
முதல்முறையாக வீட்டை விட்டுத் தெருத்தாண்டிப் போனது.

பெரிய சாமான் எடுக்கும் வண்டி
அடுத்த மாதம் முதல் செவ்வாய்தான் வரும்.
அதுவரை மெத்தையை எங்கே வைப்பது?
தூசி படியாத ஓர் அங்குலம் வீட்டில் இல்லை.
கடைசியில் சுவர் இருந்த இடத்திலேயே
நிமிர்த்திச் சாய்த்து வைத்திருக்கிறோம்.
ஜன்னல் வெளிச்சம் சமையலறைக்கு வரட்டும் என்றுதான்
இத்தனையும் செய்தோம்.
அது மெத்தை வரை வந்து நிற்கிறது.

நேற்று நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த போக்தான்
விளக்கைப் போடாமல், பழக்கத்தில்
சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான்.
கை எதிலோ பட்டு நின்றது.
இன்னும் ஈரமாக இருக்கிறது, என்றான்.